காப்பீடு கைவிட்ட கதை: 'ஜான் கியூ'

மருத்துவச் செலவே வில்லனாக நிற்கும் திகில் படங்களில் 'ஜான் கியூ' (2002) தனித்து நிற்கிறது. நிக் கசவெட்டிஸ் இயக்கியது. கதை நடப்பது சிகாகோவில். படப்பிடிப்பு பெரும்பாலும் ரொறன்ரோவிலும் பக்கத்து ஹமில்டனிலும் நடந்தது.

டென்சல் வாஷிங்டன் ஏற்ற ஜான் ஓர் ஆலைத் தொழிலாளி. பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே மகன் சுருண்டு விழுகிறான். மாற்று இதயம் தேவை. வேலைநேரம் குறைந்ததோடு ஜானின் காப்பீடும் ஓசையில்லாமல் சுருங்கிவிட்டிருக்கிறது. மருத்துவமனை நிர்வாகி சொல்வது இரண்டு தொகைகள்: சிகிச்சைக்கு 2,50,000 டாலர், காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறவே முன்பணம் 75,000. குரல் உயராத அந்தப் பேச்சுதான் படத்தின் உண்மையான உச்சம். அவசரப் பிரிவைத் துப்பாக்கியோடு முற்றுகையிடுவது அதன் விளைவு. அந்தத் துப்பாக்கியில் தோட்டாவே இல்லை என்று பின்னர் தெரியும்போது நெஞ்சு கனக்கிறது.

படம் பிடிக்கப்பட்ட நகரம் வேறு கணக்கில் இயங்குகிறது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அவசியமான மருத்துவமனைச் சிகிச்சையை ஓஹிப் என்ற அரசுக் காப்பீடு ஏற்கிறது. அதற்கு மேல் நோயாளியிடம் கட்டணம் வாங்க அனுமதிக்கும் மாகாணத்துக்கு, 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டப்படி மத்திய நிதி குறையும். நீண்ட காத்திருப்பு இங்கே பெருங்குறைதான். முன்பணம் கேட்டு உயிரை நிறுத்திவைக்கும் மேசை இங்கே இல்லை. உலகின் முதல் வெற்றிகரமான ஒற்றை நுரையீரல் மாற்றுச் சிகிச்சை 1983இல் நடந்ததும் ரொறன்ரோ பொது மருத்துவமனையில்தான்.