மிளகாய் வராத காலத்து அரண்மனைச் சமையல்

சீனச் சரித்திரத் தொடர்களில் அந்தப்புரம் என்றாலே சூழ்ச்சியும் கண்ணீரும்தான். 2022-இல் வந்த ‘ஷாங்ஷி’யிலும் அவை உண்டு. என் கண் என்னவோ அடுப்பங்கரையைவிட்டு நகரவில்லை.

மிங் வம்சத்து யோங்லே பேரரசர் காலத்தில் கதை தொடங்குகிறது. அரண்மனைச் சமையல் துறையில் சேரும் யாவ் ட்சிஜினாக வூ ஜின்யான். பின்னாளில் பேரரசராகும் இளவரசர் ஜு ஜான்ஜியாக ஷு காய். அந்தச் சமையல் துறையை நடத்தியவர்கள் பெண் அதிகாரிகள். மன்னருக்குப் போகும் உணவை முதலில் ருசி பார்ப்பதும் அவர்கள் கடமை. கௌரவமான பதவிதான், உயிர்ப் பணயமும் அதில் சேர்த்தி.

காய் நறுக்கும்போது கேமரா முகத்தை விட்டுக் கைக்கு இறங்கிவிடுகிறது. அகன்ற கத்தி பலகையில் விழும் ஓசை, மூடி திறந்ததும் குப்பென்று எழும் ஆவி. வசனமே வேண்டாம்.

இத்தனை ருசியும் மிளகாய் இல்லாமல்! கதை நடப்பது 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எதுவும் அப்போது அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டவில்லை. இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சோயா, காடி, நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகு: சீன அடுப்படியின் கைமுதல் இவைதான். (நம் ஊர்க் குழம்பும் அன்று மிளகுக் காரத்தில்தான் கொதித்தது.)

மொத்தம் 40 பகுதிகள். காதல் வளவளவென்று இழுக்கும் இடங்களைத் தாராளமாக ஓட்டிவிடுங்கள். சமையல் காட்சிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.