'சாரிட்டி' என்னும் சொல்லும் நம் வக்புகளும்

'சாரிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் 'தருமம்' என்று பெயர்த்தெழுதிவிட்டு மேலே செல்வது நம்மவரிடை வழக்கமாகிவிட்டது. அகராதிகளும் ஈகை, கொடை, அறம், இரக்கம் என அடுக்கித் தருகின்றன. கதை எழுதுவோர்க்கு இவற்றுள் எதுவும் பொருந்தலாம். சட்டம் பெயர்ப்போர்க்குப் போதா என்பதே நம் கருத்து.

ஆங்கிலச் சட்டத்தில் இச்சொல் இரக்கத்தைக் குறிப்பதன்று. 1891இல் பெம்சல் வழக்கில் மக்நாட்டன் பிரபு வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமுதாயத்திற்குப் பயன்தரும் பிற பணிகள் என அதனை நான்கு வகைப்படுத்தினார். ஒருவர் தம் வீட்டாருக்கு எழுதிவைப்பது எத்துணை அன்போடு செய்யப்படினும் அங்கே 'சாரிட்டி' ஆகாது. நம் மார்க்கத்திலோ, குடும்பத்தாருக்குச் செலவிடுவதும் ஸதகாவே எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள்.

இவ்விரு பொருள்களும் 1894இல் நேருக்குநேர் மோதின. வங்கத்து முஸ்லிம் சகோதரர் இருவர் தம் சந்ததியாருக்கும், சந்ததி அற்றுப்போயின் விதவைகள், அநாதைகள், ஏழைகளுக்கும் என எழுதிவைத்த வக்பு செல்லாதென இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஏழைகளுக்கான பங்கு வெறும் பெயரளவினது என்றனர் நீதிபதிகள். இத்தகைய வக்புகள் செல்லும் எனக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் அமீர் அலி முன்பே வாதிட்டுத் தீர்ப்பெழுதியிருந்தார், அது எடுபடவில்லை. ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமான பின்னரே குடும்ப வக்புகளுக்கு உயிர் வந்தது. அதற்குமுன் எழுதப்பட்டவையோ 1930 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு சொல்லின் பொருளை வேற்றார் அளவுகோலால் அளந்ததன் விலை இது!

அந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் வக்பின் நோக்கத்தைச் சமயம், இறைபக்தி, தருமம் என மூன்று சொற்களால் சுட்டி, அவை முஸ்லிம் சட்டம் ஏற்பனவாக இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. 'தரும காரியம்' என்று சுருக்குவோர் இந்த இறுதி நிபந்தனையை விழுங்கிவிடுகின்றனர். உயிரோ அதில்தான் இருக்கிறது.

முத்தவல்லியை 'டிரஸ்டி' என்றும் 'தருமகர்த்தா' என்றும் எழுதுவதும் இத்தகையதே. சென்னை மாகாணத்து மடம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 1921இல், பிரிவி கவுன்சில் முத்தவல்லி ஆங்கிலச் சட்டப் பொருளில் டிரஸ்டி அல்லர் எனத் தெளிவாக்கியது. சொத்து அவருக்கு உரிமையாவதில்லை. அவர் பராமரிப்பவர் மட்டுமே. அத்தீர்ப்பை வழங்கியவரும் அதே அமீர் அலி என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எனவே வக்பு, ஸதகா, முத்தவல்லி ஆகிய சொற்களை அப்படியே ஆளுமாறு மொழிபெயர்ப்பாளரை வேண்டுகிறோம். ஆங்கிலச் சட்டத்துச் 'சாரிட்டி'க்குப் 'பொதுநல அறம்' என்பது ஓரளவு பொருந்தும். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. பத்திரங்களில் நம் முன்னோர் எழுதியவை இச்சொற்களே.