தறியும் தண்டிகையும்: ஏற்றத்தாழ்வுக் கொள்கை பற்றி ஒரு திறனாய்வு

பொருளாதாரம் வளருங்கால் ஏற்றத்தாழ்வு முதற்கண் மிகுந்து பின்னர்க் குறையும் என்பது, சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் வெளியிட்ட கட்டுரையின் கருத்து. அதன்கண் சான்று சிறிது, ஊகமே பெரிது என்று அவரே உரைத்திருக்கவும், பின்வந்தோர் அதனை இயற்கை நியதியெனக் கொண்டனர். 1980-க்குப் பின் அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு மீண்டும் மிகுந்தமை அந்நம்பிக்கையைத் தளர்த்திற்று. ஆயின் யாம் ஈண்டு எழுப்பும் தடை வேறு. ஏற்றத்தாழ்வென எதனை அளப்பது என்பதே அது.

ஆரணியும் சந்தவாசலும், சம்புவராயர் தலைநகராய் விளங்கிய படைவீடும் அடங்கிய நிலப்பகுதியை நோக்குவோம். பட்டு நெசவு இதன் இற்றை நாட் சிறப்பு. நெசவாளர் வரலாறோ தமிழகத்தில் மிகப் பழையது. விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுக்கள், கைக்கோளர் தண்டிகை ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்ற செய்தியைக் கூறுகின்றன. துணி வாணிகம் செழித்த காலம் அது. பொருள் வளம் சமுதாய மதிப்பாக மாறியது. வருவாய்க் கணக்கில் இவ்வேற்றம் அகப்படாது.

இதுகொண்டு நெசவாளர் யாவரும் உயர்ந்தனர் எனத் துணிதல் எளிது, ஆனால் பொருந்தாது. உரிமை குலத்தார்க்குப் பொது. தண்டிகை செய்வித்து, சுமப்பார்க்குக் கூலியும் ஈந்து ஏறவல்லார் எத்துணையர்? கல்வெட்டு குலத்தின் பெயரைப் பொறிக்கும்; தறிக்குழியில் கால் நீட்டி நெய்தவன் பெயரைப் பொறியாது. அதனைத் தோளிற் சுமந்தார் யாவர் என்பதும் எண்ணற்பாலது.

இன்று நெசவு, நெசவுக் குலத்தாரைக் கடந்து சுற்றூர்களிலும் பரவியுள்ளது. குலத்தடை நெகிழ்ந்தது உண்மையே. எனினும் பட்டும் சரிகையும் முதலாளியுடையன. நெய்வோன் பெறுவது சேலைக்கு இவ்வளவு என்னும் கூலி. முன்பணம் வாங்கியவன் அது தீருமளவும் தறி மாறுதல் அரிது. 1973 தொடங்கி நாற்பதாண்டுக் காலம் ஆரணியை மீண்டும் மீண்டும் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வொயிட், சாதியும் பால் வேறுபாடும் வளர்ச்சியாற் கரைந்தொழியாமல் சந்தையை நெறிப்படுத்தும் அமைப்புகளாகவே நிலைத்தமையை எடுத்துக்காட்டுவார். குஸ்நெட்ஸ் கொள்கையினும் இது நம் நாட்டு நிலைக்கு அணித்தானது என்பது எம் கருத்து.

இன்னும் ஒன்று. குஸ்நெட்ஸ் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டார். தார் சுற்றுதலும் பாவு புணைத்தலும் பெரும்பாலும் இல்லத்துப் பெண்டிர் பணி. அதற்கெனத் தனிக்கூலி இல்லை; சேலைக் கூலியில் அடங்கி, அது ஆடவன் கைக்கே செல்கிறது. குடும்பத்தின் வருவாயை எண்ணுவோர் இவளை எண்ணுவதில்லை.