விரல்ரேகையும் நுண்ணறிவும்: ஒரு திறனாய்வு

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர், பத்தாம் வகுப்பு முடித்த தம் மகளைப் பற்றிய வண்ண அறிக்கை ஒன்றை அண்மையில் நம்மிடம் காட்டினார். பத்து விரல்களின் ரேகைப் பதிவைக் கொண்டே அப்பெண்ணின் எட்டு வகை நுண்ணறிவுகளுக்கும் விழுக்காடு கணித்திருந்தனர். கணித நுண்ணறிவு குறைவு என்றிருந்தது. அவள் விரும்பும் அறிவியல் பிரிவைத் தவிர்த்துவிடலாமா என்பதே அன்பரின் வினா.

பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் வெளியிட்டார். மொழி, கணிதம், இடவுணர்வு, இசை, உடலியக்கம், பிறரையறிதல், தன்னையறிதல் என ஏழாகப் பகுத்த அவர், இயற்கையறிவைப் பின்னர் எட்டாவதாகச் சேர்த்தார். மனிதனை ஒற்றை எண்ணுக்குள் அடைக்கலாகாது என்ற அவரது நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் கோட்பாட்டின் அழகு வேறு. அளவுகோலின் ஏற்புடைமை வேறு. அளக்கப் புகுந்ததையே ஒரு சோதனை அளக்கின்றதா என்பதே ஏற்புடைமை பற்றிய வினாவாகும்.

கனடிய ஆய்வாளர்களான விசர், ஆஷ்டன், வெர்னன் ஆகியோர் 2006இல், எட்டு வகைக்கும் இவ்விரண்டு சோதனைகளை 200 பேரிடம் நடத்தினர். மொழி, கணிதம், இடவுணர்வு முதலியவை தனித்தனியே நில்லாமல் ஒரு பொது ஆற்றலோடு பிணைந்திருந்தன. இசையும் உடலியக்கமும் பெரிதும் விலகி நின்றன. வினாப்பட்டியல்களோ பெரும்பாலும் மாணவரின் விருப்பத்தைக் கேட்பவை; விருப்பம் திறனாகிவிடாது.

விரல்ரேகைச் சோதனையின் நிலை இதனினும் பலவீனமானது. ஹதீஸ் கலையில் நாம் முதலில் கேட்பது ஸனதையே. இங்கே ரேகைக்கும் கணிதத் திறனுக்கும் இடையே சங்கிலித்தொடர் எங்கே? சில மரபணுக் குறைபாடுகளில் ரேகையமைப்பு மாறுபடுவது உண்மை. அதற்கப்பால் தொடர் அறுந்துவிடுகின்றது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இச்சோதனைக்கு அறிவியல் ஆதாரமில்லை எனக் கூறியுள்ளது. திருக்குர்ஆன் (75:4) விரல்நுனிகளைக் குறிப்பிடுவது மறுமையில் மனிதனை மீண்டும் உருவாக்கும் இறையாற்றலை உணர்த்தவே. அதனை இதற்குச் சான்றாக்குவது முறையன்று.

கிழக்கத்தியர் பிறவியிலேயே அறிவு மிக்கவர் என்ற எண்ணத்தை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் மறுத்துள்ளார். தொழிலும் பயிற்சியுமே அறிவைக் கூர்மையாக்குகின்றன என்பது அவர் முடிவு. அன்பரின் ஊர்த் தறியிலேயே இதனைக் காணலாம். இழையெண்ணும் கணக்கும், கரையமைக்கும் கண்ணும், மிதிக்கும் காலும் நெசவாளியிடம் ஒன்றாகவே இயங்குகின்றன. அவற்றை எட்டுக் கலயங்களில் பிரித்து ஊற்ற எவரால் இயலும்? அத்திறனும் பிறவியில் எழுதப்பட்டதன்று. ஆண்டுக்கணக்கில் தறியில் அமர்ந்து பெற்றது.

ஆகவே, மகளின் கணக்கேடுகளைப் பாருங்கள், அவளுக்குக் கற்பித்த ஆசிரியரைக் கேளுங்கள், அவள் விருப்பத்தையும் கேளுங்கள் என்றே அன்பருக்குக் கூறினோம். இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். தன்னால் இயலாது என்று ஒரு பிள்ளையின் நெஞ்சில் பதிந்த சொல்லை அழிப்பது எளிதன்று.