ஸ்பிட்ஃபயருக்கு எந்த கியர்பாக்ஸ் கவர்?

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஓட்டும்போது இடது கால் வேகிறதா? காருக்குள் ஆயில் வாடை சுற்றுகிறதா? மழை நாளில் கம்பளம் நனைந்து கிடக்கிறதா? இன்ஜினைக் குறை சொல்லும் முன் நடுவில் இருக்கும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். கியர்பாக்ஸை மூடியிருக்கும் கவர் அங்கே ஓரம் ஓரமாகப் பிய்ந்து, நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கோவென்ட்ரி நகரத்து கேன்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் காரில், அந்தக் கவரை அழுத்திச் செய்த அட்டையில்தான் போட்டார்கள்.

அட்டையா என்று முகம் சுளிக்க வேண்டாம். அட்டைக்கு எடை இல்லை, செலவு குறைவு, சத்தத்தையும் ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓட வேண்டிய வண்டிக்கு அது போதும் என்று அன்று கணக்குப் போட்டதில் தவறு சொல்ல முடியாது. நாம்தான் அரை நூற்றாண்டுக்கு அப்புறமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஹீட்டர் குழாயில் கசிவு, கூரைத் துணியின் ஓரத்தில் இறங்கும் மழைநீர், கீழிருந்து ஏறும் ஆயில் எல்லாம் சேர்ந்து அட்டையை ஊறவைத்துவிடும். ஊறிய அட்டை உப்பும், அடுக்கடுக்காகப் பிரியும், ஸ்க்ரூ ஓட்டைகள் கிழியும். கிழிந்த இடத்தில் சூடும் புகையும் நேராக உள்ளே வரும்.

எந்தக் கவரை வாங்குவது என்று பேசுவதற்கு முன் இந்த வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸிஸ். அதன் மேல் பாடியை வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். பல கார்களில் கியர்பாக்ஸை இறக்க வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து வேலை செய்ய வேண்டும். இதில் சீட்டைக் கழற்றி, கவரை எடுத்துவிட்டால், கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே வெளியே எடுத்துவிடலாம். கிளட்ச் மாற்ற, ஸ்லேவ் சிலிண்டரைப் பார்க்க, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்பக்க போல்ட்டை இறுக்க, எல்லாவற்றுக்கும் இதுவே வழி. ஆகவே இந்தக் கவரை ஒரு கதவு என்றே நினைக்க வேண்டும். எவ்வளவு கெட்டி என்பதை விட, எத்தனை முறை கழற்றினாலும் மறுபடி சரியாகப் போய் உட்காருமா என்பதே முக்கியம். நான் வைத்துப் பார்த்த அளவுகோல் அதுதான்.

இங்கிலாந்தில் எங்கள் வீட்டு கராஜில் நிற்பது 1493 சிசி இன்ஜினும் ஓவர்டிரைவும் உள்ள ஸ்பிட்ஃபயர் 1500. அட்டைக் கவர் வண்டியோடு வந்தது. ஃபைபர் கிளாஸ் கவர் ஒரு நண்பர் வாங்கிவைத்து, பொருத்தாமல் விட்டது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவர் நான் வாங்கியது. மூன்றையும் இதே வண்டியில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் கழற்றும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடுங்கள். இரண்டு சீட்டையும் வெளியே எடுத்தால் இடுப்பு தப்பிக்கும். கியர் நாப்பைத் திருகுவதற்கு முன் கவனம் தேவை. என் வண்டியில் ஓவர்டிரைவ் சுவிட்ச் அந்த நாப்பிலேயே இருக்கிறது. மேல் மூடியை மெல்ல நெம்பி எடுத்தால், கியர் லீவரின் உள்ளே இறங்கிப் போகும் இரண்டு மெல்லிய ஒயர்கள் தெரியும். அவற்றை விடுவித்த பிறகே நாப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாப்போடு சேர்ந்து ஒயரும் முறுகி, உள்ளே அறுந்துவிடும். அதை மறுபடி இழுப்பது தனி வேலை. அடுத்து ரப்பர் கெய்ட்டர், டேஷ்போர்டைத் தாங்கும் பிராக்கெட், ரேடியோ இருக்கும் கன்சோல்.

இனி கவரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களும் போல்ட்டுகளும். முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். இந்த வண்டியில் பெரும்பாலும் யுஎன்எஃப் மரை. கால் இன்ச் போல்ட்டின் தலைக்கு 7/16 இன்ச் ஸ்பேனர் வேண்டும். அதாவது 11.1 மி.மீ. கையில் இருக்கும் 11 மி.மீ. ஸ்பேனர் ஏறாது, 12 போட்டால் தலை உருண்டுவிடும். மெட்ரிக் செட் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வண்டியைத் தொடாதீர்கள். தரையில் மாட்டியிருக்கும் கிளிப் நட்டுகள் பெரும்பாலும் துருவேறி, ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும். புதுசு ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது புத்திசாலித்தனம்.

கவரின் பின்பக்கத்தை முதலில் தூக்கி, கியர் லீவரைத் தாண்டிப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். முன்பக்க உதடு ஹீட்டருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஓர் ஆள் பிடித்துக்கொடுத்தால் அட்டை கிழியாமல் வரும். கிழிந்தாலும் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கவர் வெளியே வந்ததும் புதிதை உடனே மாட்டிவிடத் தோன்றும். பொறுங்கள். இத்தனை வசதியாக கியர்பாக்ஸ் மறுபடி எப்போது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. கிளட்ச் ஹவுசிங்கைச் சுற்றிப் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் அந்தத் துளையின் விளிம்பு வரை இருக்கிறதா பாருங்கள். ஜிஎல்-4 வகை ஆயிலே ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் உள்ள ரசாயனங்கள் உள்ளே இருக்கும் பித்தளைப் பாகங்களை அரிக்கும். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பார்த்தால், கசிவு இருந்தால் விரலில் ஒட்டும். கியர் லீவர் கடகடவென்று ஆடினால் அதன் அடியிலுள்ள சின்ன பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். மாற்ற இதை விட நல்ல நேரம் கிடையாது. ரிவர்ஸ் விளக்கு சுவிட்சுக்கும், மூன்றாவது நான்காவது கியரில் மட்டும் ஓவர்டிரைவை அனுமதிக்கும் சுவிட்சுக்கும் போகிற ஒயர்கள் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கும். என் வண்டியில் ஒயரின் மேல் உறை கை பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓவர்டிரைவ் விட்டு விட்டு வேலை செய்ததன் காரணம் அங்கேயே புரிந்துவிட்டது.

இப்போது கவர்களுக்கு வருவோம்.

அட்டைக் கவருக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. வளைவுகள் வண்டிக்குச் சரியாகப் பொருந்துகின்றன, கம்பளம் அதன் மேல் அழகாகப் படிகிறது, சத்தமும் அடங்கி ஒலிக்கிறது. தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே வண்டியை வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை. புது அட்டை வாங்கினால், பொருத்துவதற்கு முன் இரு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களிலும் ஓட்டைகளின் உள்விளிம்பிலும், படகுக்கு அடிக்கும் வார்னிஷை நன்றாகப் பூசிக் காயவிடுங்கள். தண்ணீர் அட்டைக்குள் ஏறுவது ஓரம் வழியாகத்தான். ஆனாலும் நாலைந்து முறை கழற்றி மாட்டினால் ஓட்டைகள் தளர்ந்துவிடும். மழையில் ஓடும் வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஃபைபர் கிளாஸ் கையில் எடுத்ததுமே நம்பிக்கை தருகிறது. தண்ணீரும் ஆயிலும் அதை ஒன்றும் செய்யாது, சூட்டுக்கும் அசையாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அச்சின் மேல் கையால் அடுக்கிச் செய்வதால் ஓரிடத்தில் தடிமனாகவும் இன்னோரிடத்தில் மெலிந்தும் இருக்கிறது. நண்பரின் கவரில் இடது பக்க விளிம்பு தரையைத் தொடவே இல்லை. சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. ஸ்க்ரூவை இறுக்கி அதை அமுக்கப் பார்ப்பது ஆபத்து, மூலையில் விரிசல் விடும். அறுத்தும் ராவியும் சரிசெய்யலாம். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது, தோலில் பட்டால் அரிக்கும். திறந்த வெளியில், முகக்கவசம், கையுறையோடு செய்ய வேண்டிய வேலை. அதையெல்லாம் விட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது அதன் விறைப்பு. வளையவே மாட்டேன் என்கிறது. ஹீட்டருக்கு அடியில் முன் உதட்டை நுழைக்க டேஷ்போர்டு பிராக்கெட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கிளட்ச் ஆயில் கசிகிறதா என்று எட்டிப் பார்க்க நினைக்கும்போதெல்லாம் அத்தனை வேலையா?

ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவர் பார்ப்பதற்கு மலிவாகத்தான் தெரிகிறது. தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். ஆனால் இரண்டு கையாலும் லேசாக அழுத்தினால் குறுகிக் கொடுக்கிறது, விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. பிராக்கெட்டைத் தளர்த்தினாலே போதும், உள்ளே போய்விட்டது. ஏபிஎஸ் இளகத் தொடங்குவது 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். கியர்பாக்ஸின் மேல் அவ்வளவு சூடு ஏறாது. சைலன்சர் குழாய் கீழே நெருங்கி வந்து கவரில் உரசினால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நான் வாங்கிய பிளாஸ்டிக் கவரில் ஓட்டைகள் கிடையாது. நாம்தான் போட வேண்டும். பழைய கவரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னது இதற்காக. கிழிந்த துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, புதிய கவரின் மேல் வைத்து, கியர் லீவர் துளையின் நடுவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மற்றவற்றைத் தோராயமாகக் குறிக்கலாம். எல்லா ஓட்டையையும் மேஜையில் வைத்தே போட்டுவிட்டால் ஒன்றும் நேராக வராது. முன்பக்கத் தகட்டின் நடுவில் ஒன்று போட்டு, வண்டியில் வைத்து, தளர்வாக ஒரு போல்ட் மாட்டி, பிறகு இடமும் வலமுமாக ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். ஓட்டை போல்ட்டை விட ஒரு சுற்று பெரிதாக இருக்கட்டும், அகலமான வாஷர் போடுங்கள். கடைசி ஸ்க்ரூ உட்காரும் வரை எதையும் இறுக்கக் கூடாது.

அடைப்புக்குத் தண்ணீர் குடிக்காத மூடிய துளை ஃபோம் பட்டையே சரி. சாதாரண ஸ்பாஞ்ச் பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, தரைத் தகட்டை ஓசையில்லாமல் துருப்பிடிக்கவைக்கும். சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம். ஒட்டிவிட்டால் அடுத்த முறை கவரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கவரின் உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பு ஃபோமை ஒட்டினேன். பொள்ளென்ற சத்தம் பெருமளவு அதில் அடங்கியது. ஆயில் மூடிக்கு நேரே ஒரு வட்டத் துளை போட்டு ரப்பர் அடைப்பான் வைத்ததும் நல்ல வேலை. ஆயில் அளவு பார்க்க இனி கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினால் போதும்.

பலன்? இடது காலில் சூடு அடிப்பது நின்றது. ஆயில் வாடை போய்விட்டது. கியர்பாக்ஸின் முனகல் குறைந்தது. அட்டையும் நல்ல நிலையில் இருந்தால் இதே அளவு அடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரம்தோறும் ஓட்டுகிறவர்களுக்கு என் தேர்வு ஏபிஎஸ் கவர், உள்பக்கம் தடுப்பு ஃபோமோடு. கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு வார்னிஷ் பூசிய அட்டை. இழைத்துப் பொருத்தும் பொறுமையும் கருவிகளும் இருந்தால் ஃபைபர் கிளாஸ்.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து பிறந்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1960-களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரித்தது. அதிலும் கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும், மேலே கழற்றக்கூடிய கவர்தான். மேலே சொன்ன வேலை முறை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். ஆனால் ஸ்பிட்ஃபயர் கவரை வாங்கி ஹெரால்டில் போட முயல வேண்டாம்; பாடி வேறு, அளவும் வேறு. உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்ட் நின்றால், அதன் கவர் எவ்வளவு நைந்திருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். ஃபைபர் கிளாஸ் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால், அதையே மாதிரியாக வைத்துப் புதியது செய்து தருவார். உங்களுக்கு ஒன்று செய்யும்போதே இன்னொரு ஹெரால்ட்காரருக்கும் சேர்த்து ஒன்று செய்யச் சொல்லுங்கள்.