கண்ணன் பாட்டில் சேவகனும் ஆண்டானும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ரெட்டியார்சத்திரத்தை அடுத்து, ஒரு குன்றின்மேல் கோபிநாதர் கோயில் உள்ளது. மாடு வளர்ப்போர் தம் கறவைகளின் நலங்கருதிப் பால் கொணர்ந்து அங்குப் படைப்பர். கன்று பழுதின்றிப் பிறத்தலும், மடியிற் பால் வற்றாதிருத்தலும் அவர்க்கு இறைவன் செயல்களாம். படைத்தல், காத்தல் என்னும் பெருந்தொழில்களைவிட, மாட்டுக் கொட்டிலில் அவன் கை படுதலே அவ்வழிபாட்டின் உயிர்நிலை. இங்ஙனம் நாள்தோறும் நிகழும் சிறு நிகழ்ச்சிகளில் இறைவனைக் காணும் நோக்குத் தமிழ்ப் பாட்டில் எவ்வாறு பயின்றுள்ளது என்பது ஆராயத்தக்கது.

பெரியாழ்வார் கண்ணனை நீராட்டுவதையும், அவனுக்குக் காது குத்துவதையும், பூச்சூட்டுவதையும் பாடினார். ஆண்டாள் புள்ளின் குரலும், தயிர் கடையும் ஓசையும், எருமையின் பால் தானே சோர்ந்து இல்லம் சேறாதலும் திருப்பாவையுள் அமைத்தார். இவற்றை வெறும் வருணனை என்று கடந்துபோவார் உளர், அது பொருந்தாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பெரியாழ்வார் பாடுவன இறைவனது இல்வாழ்க்கையின் நுண்மைகள். தாய் அவனுக்குப் பணி செய்கின்றாள். நம் இல்வாழ்க்கையின் நுண்மைகளில் அவன் பணி செய்தல் பிறிதொரு பொருள். இதனை முழுமையாக எடுத்துக்கொண்ட நூல் 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட பாரதியாரின் கண்ணன் பாட்டு. அதன் இருபத்து மூன்று பாடல்களுள் நான்காவதாகிய ‘கண்ணன் – என் சேவகன்’ ஈண்டு நோக்கற்பாலது.

பாட்டு இறைவனைப் பற்றித் தொடங்கவில்லை. வேலையாட்களைப் பற்றிய முணுமுணுப்பில் தொடங்குகின்றது. கூலி மிகக் கேட்பர். வேலை மிக்க நாளில் வாரார். நேற்று ஏன் வரவில்லை எனின், பானையிலிருந்த தேள் பல்லால் கடித்தது என்பர். மனைவிமேல் பூதம் வந்தது என்பர். பாட்டி இறந்த பன்னிரண்டாம் நாள் என்பர். தேளுக்குப் பல் கொடுத்த நகைச்சுவையை எவரும் மறவார். இத்தொல்லைக்கிடையே எங்கிருந்தோ ஒருவன் வந்து, மாடு மேய்ப்பேன், பிள்ளைகளைக் காப்பேன், வீடு பெருக்கி விளக்கேற்றுவேன் என்கின்றான். பின்னர் அவன் தெருப் பெருக்குதல், பால் மோர் வாங்கிவருதல் முதலாகச் செய்வனவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணப்படுகின்றன. அவ்வரிசையின் முடிவிலேயே, பண்பினால் தெய்வம், பார்வையிற் சேவகன் என்னும் தெளிவு பிறக்கின்றது. சிறு வேலைகளின் பட்டியலை நீக்கினால் அத்தெளிவுக்கு ஆதாரமே இல்லை. கண்டறிதல் காலந்தாழ்த்து வருவதே இப்பாட்டின் உண்மை. வீடு ஒழுங்குற நடக்கும்போது, நடத்துபவனை யார் நினைக்கின்றனர்?

ஆயினும் இப்பாட்டின்மேல் ஒரு தடை எழுப்பலாம். அதனை எளிதில் தள்ளிவிடலாகாது. கூலி யாதெனக் கேட்ட தலைவனுக்குக் கண்ணன், தனக்கு மனைவி மக்கள் இல்லை, தான் தனியாள், காசினும் காதலே பெரிது என்று மறுமொழி தருகின்றான். கூலி வேண்டாத பணியாளன் தெய்வமாகின்றான். கூலி கேட்டவர் நகைப்புக்கு இடமாகின்றனர். ஏழையின் கோரிக்கையை இழித்துத்தான் இறையருள் உயர்த்தப்படுகின்றதா? பாட்டைத் தனியே படிப்பார்க்கு ஆம் என்றே கூறவேண்டியிருக்கும். தலைவனின் குரலைப் புலவர் தம்மினின்று பிரித்துக் காட்டுகின்றார் என்று சமாதானம் கூறுவதும் உண்டு. பாட்டினுள் அதற்குப் போதிய சான்று எனக்குக் கிட்டவில்லை.

சான்று நூலின் மற்றோர் இடத்தில் உள்ளது. இறுதிப் பாட்டுக்கு முந்தையதாகிய ‘கண்ணன் – என் ஆண்டான்’ என்பதில் நிலை முற்றும் மாறுகின்றது. இப்போது கண்ணன் நிலத்துக்குரிய தலைவன். பேசுபவன் புகலின்றி அடிமை புகுந்த ஒடுக்கப்பட்ட குலத்து உழைப்பாளி. காடு கழனி காப்பேன், கால்நடை மேய்ப்பேன் என்று அவனும் சொல்கின்றான். சேவகனாகக் கண்ணன் ஏற்ற மாடு மேய்க்கும் தொழில் இங்கு மனிதன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் இவன் தனியாள் அல்லன். பெண்டும் குழந்தைகளும் கஞ்சி குடித்துப் பிழைக்கவேண்டும். மானங்காக்க நாலு முழத் துணி வேண்டும். கண்ணன் கூலி வேண்டாமைக்குக் காட்டிய காரணமே இவன் கூலி வேண்டுதற்குக் காரணமாதல் காண்க.

மேலும் ஒன்று. முற்பாட்டில் மனைவிமேல் வந்த பூதம் வேலைக்கு வாராதவனின் பொய்ச்சாக்கு. பிற்பாட்டில், ஒன்பது வாயிற் குடிலைச் சுற்றிப் பேய்கள் துன்புறுத்துகின்றன, மந்திரம் செய்து ஓட்டுக என்று உழைப்பாளி முறையிடுகின்றான். ஒன்பது வாயிற் குடில் உடம்பே என்பது வெளிப்படை. முன்பு நகைக்கப்பட்ட பேய் இங்கு உயிரின் துயராகி, இறைவன் செவியில் விழுகின்றது. இவ்விரு பாடல்களையும் எதிரெதிராக வைத்துப் படித்தாலன்றிச் சேவகன் பாட்டின் நகைப்பு முழுப்பொருள் பெறாது. இவ்வமைப்பைப் பாரதியார் கருதியே செய்தார் என்று நான் வற்புறுத்தவில்லை. நூல் அவ்வாறு அமைந்து கிடக்கின்றது.

குன்றின்மேற் பால் சுமந்து செல்லும் மாட்டுக்காரன் இவ்விரு பாட்டுக்கும் உரியவன். தன் கொட்டிலில் வேலை செய்த ஆயனுக்கு அவன் பங்கு கொடுக்கின்றான். தன் கறவை நலமுற வேண்டும் என்று கேட்கவும் கேட்கின்றான். கொடுத்தலும் கேட்டலும் அவனிடத்து ஒரே செயல். கண்ணன் பாட்டின் இறுதிப் பாடலாகிய ‘கண்ணம்மா – எனது குலதெய்வம்’ சரணாகதிப் பாட்டு என்று பாராட்டப்படுகின்றது. அதனுள்ளும், நெஞ்சிற் குடிபுகுந்த அச்சத்தைப் போக்குமாறு வேண்டும் இடத்தில், அச்சத்திற்கு முன்னே மிடிமை வைக்கப்பட்டுள்ளது.