சமையல்கட்டு வழியாக வேதியியல்: ஐடா ஃபிராய்ண்டின் பழைய எதிர்ப்பு

1911ல் 'தி இங்கிலிஷ்வுமன்' இதழில் ஐடா ஃபிராய்ண்ட் ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியலை வீட்டு வேலை வழியாகவே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று அப்போது இங்கிலாந்தில் கிளம்பியிருந்த யோசனைக்கு எதிரான கட்டுரை. தலைப்பிலேயே 'ஓர் எதிர்ப்பு' என்று போட்டுவிட்டார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. இந்த வாதத்தில் பாதி இன்றைக்கும் நம்ம ஊர்ப் பெண்கள் பள்ளிகளுக்கு அப்படியே பொருந்துகிறது. மீதிப் பாதி சரியில்லை என்பது என் கருத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் யார் இவர்? ஆஸ்திரியாவில் 1863ல் பிறந்து, இங்கிலாந்து வந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். படித்தார், ஆனால் பட்டம் கிடையாது; கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948ல்தான். நியூன்ஹாம் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தினார். அந்தக் கல்லூரிக்குள்ளேயே பெண்களுக்கென்று ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. ஆவர்த்தன அட்டவணையைக் கேக்குகளாகச் செய்து மாணவிகள் முன்னால் வைத்தவர் இவர்தான் என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும். இணையத்தில் தேடினால் அந்தக் கேக் கதைதான் முதலில் வந்து நிற்கும். 1904ல் வேதிச் சேர்மானத்தின் வரலாறு பற்றி அவர் எழுதிய தடிமனான புத்தகத்தை யாரும் பேசுவதில்லை. சமையலறைக்குள் பெண்களின் அறிவியலை அடைக்காதே என்று சண்டை போட்ட அம்மாவை நாம் கேக்குக்காக நினைவு வைத்திருக்கிறோம். என்னத்தைச் சொல்ல.

சண்டையின் பின்னணி இதுதான். போயர் போருக்கு ஆள் எடுத்தபோது நிறைய இளைஞர்கள் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரசு பயந்துபோய் ஒரு குழு போட்டது. 1904ல் அறிக்கை வந்தது. குழந்தை இறப்பும் அதிகம். காரணம் வறுமை, நெரிசல், கெட்ட பால், சாக்கடை என்று நிறைய இருந்தாலும், எல்லோருக்கும் சுலபமாகக் கையில் கிடைத்தது ஒரே காரணம்: அம்மாக்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. அப்போ பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அதைச் சொல்லிக்கொடு. 1907ல் உயர்நிலைப் பள்ளி விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 15 வயது தாண்டிய பெண்கள் அறிவியல் பாடத்துக்குப் பதிலாக வீட்டு நிர்வாகப் பாடம் எடுத்துக்கொள்ளலாம். 1908ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் மனையியலுக்கு என்றே ஒரு படிப்பும் தொடங்கியாயிற்று.

இதை ஆதரித்தவர்கள் எல்லாம் பிற்போக்குக் கும்பல் என்று தள்ளிவிட முடியாது. லீட்ஸில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஸ்மிதல்ஸ் இதன் முக்கியமான ஆதரவாளர். தீச்சுடர் பற்றி ஆராய்ச்சி செய்தவர், நல்ல விஞ்ஞானி. அவருடைய கட்சி சுருக்கமாக: பள்ளி அறிவியல் உயிரில்லாமல் கிடக்கிறது, பிள்ளைகள் தினமும் பார்க்கிற நெருப்பு, சோப்பு, ரொட்டி இவற்றிலிருந்து ஆரம்பித்தால் உயிர் வரும். இதை நீங்களும் நானும் கூட ஒத்துக்கொள்வோம். இன்றைக்கு 'செயல்வழிக் கற்றல்', 'வாழ்வோடு இணைந்த அறிவியல்' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது ஏறத்தாழ இதைத்தான்.

ஃபிராய்ண்டின் பதிலில் இரண்டு இழைகள் இருக்கின்றன. அவர் அவற்றைச் சேர்த்தே முறுக்குகிறார், நான் பிரிக்கிறேன்.

முதல் இழை வேதியியல் ரீதியானது. சமையல், சலவை இவற்றில் நடக்கிற வேதிவினைகள் ரொம்பச் சிக்கலானவை. மாவு பொங்குவதையும் இறைச்சி வேகுவதையும் விளக்க அன்றைய வேதியியலே திணறியது. அடிப்படை தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவது? ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்வார், பிள்ளை அதை எழுதிக்கொள்ளும். அது அறிவியல் ஆகாது, அறிவியல் வாசனை தடவிய சமையல் குறிப்பு. காரணம் தேடுவது, அளப்பது, சந்தேகப்படுவது எதுவும் நடக்காது. கடைசியில் அந்தப் பிள்ளைக்கு வேதியியலும் வராது, சமையலும் வராது.

இரண்டாவது இழை யாருக்கு எது என்பது பற்றியது. பையனுக்கு இயற்பியல், பெண்ணுக்கு அடுப்பு என்று ஏன் பிரிக்கிறாய்? சுத்தமும் சத்துணவும் பற்றிய அறிவு ஆண் பிள்ளைக்கு வேண்டாமா?

இதே வருஷங்களில் ரோனா ராபின்சன் என்ற மான்செஸ்டர் வேதியியலாளரும் 'ஃப்ரீவுமன்' இதழில் மனையியல் படிப்பைக் கடுமையாகத் தாக்கினார். வாக்குரிமைப் போராட்டத்தில் 1909ல் பட்டதாரி அங்கியோடு கைதானவர் அவர். சூடு அதிகம். ஆனால் வாதமாகப் பார்த்தால் ஃபிராய்ண்ட்தான் கெட்டி.

இப்போ என் விமர்சனம். முதல் இழை, அதாவது 'வீட்டுப் பொருள் சிக்கலானது, ஆகவே தொடக்கத்துக்கு ஆகாது' என்பது, அப்படியே நிற்காது. எதிர் உதாரணம் இங்கிலாந்திலேயே இருந்தது. மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்கு நடத்திய சொற்பொழிவுகள் முழுக்க ஒரே ஒரு மெழுகுவர்த்தி பற்றியவை. மெழுகுவர்த்திச் சுடர் எளிமையான பொருளா? அதன் வேதியியலை இன்றும் முழுசாகத் தீர்த்துவிட்டோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஃபாரடே செய்தது என்ன? சுடரை முழுசாக விளக்கப் போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. மெழுகு எப்படி மேலே ஏறுகிறது? சுடரின் நடுவில் என்ன இருக்கிறது, ஒரு கண்ணாடிக் குழாய் விட்டு வெளியே இழுத்துப் பார்ப்போமா? எரிந்த பிறகு வருவது தண்ணீர்தானா? இப்படி.

அந்த ஃபாரடே வேதியியலை எங்கே படித்தார் தெரியுமா? ஜேன் மார்செட் 1806ல் பெயர் போடாமல் வெளியிட்ட வேதியியல் உரையாடல் புத்தகத்தில். ஒரு ஆசிரியை, இரண்டு சிறுமிகள், மூவரும் பேசிக்கொள்வதுதான் புத்தகமே. முக்கியமாகப் பெண்களுக்காக என்று சொல்லியே எழுதப்பட்டது. புத்தகம் பைண்ட் பண்ணும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் கையில் அது கிடைத்தது. பிற்காலத்தில் ஃபாரடே அந்த அம்மாவை நன்றியோடு குறிப்பிட்டார். பெண்களுக்கான அறிவியல் என்றால் தண்ணி ஊற்றிய அறிவியல் என்ற கட்டாயம் இல்லை. மார்செட் தண்ணி ஊற்றவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். புளியை முன்னாடியே ஊற்றினாலும் வேகாது. கொஞ்சம் சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். மூன்றும் உண்மை, மூன்றுக்கும் வேதியியல் உண்டு. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும். கடினநீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டினை இறுக்கிக் கட்டுகிறது. புளியின் அமிலம் அது கரைவதைத் தாமதப்படுத்துகிறது. காரம் அதைச் சீக்கிரம் கரைக்கிறது.

இதை ஒரு வகுப்பில் இரண்டு விதமாக நடத்தலாம். முதல் விதம்: மேலே நான் எழுதிய நாலு வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, 'ஆகவே பருப்பு வெந்தபின் புளி சேர்க்க வேண்டும்' என்று முடிப்பது. இதுதான் ஃபிராய்ண்ட் பயந்த வகுப்பு. பெக்டின் என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை.

இரண்டாவது விதம்: நாலு பாத்திரம், ஒரே எடைப் பருப்பு, ஒரே அளவு தண்ணீர், ஒரே அடுப்புச் சூடு. ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் வடித்த நீரோடு அளந்து போட்ட கால்சியம் குளோரைடு, ஒன்றில் வடித்த நீரோடு சாதா உப்பு. மூன்றாவதும் நாலாவதும்தான் சுவாரசியமே. 'உப்புத் தண்ணி' என்று நாம் சொல்கிறோமே, அதில் குற்றவாளி சமையல் உப்பா, வேறு எதுவுமா? வீட்டுப் பேச்சு ஒன்றைச் சொல்கிறது, பாத்திரம் வேறொன்றைச் சொல்லும். பிள்ளை அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். பெக்டின் என்ற சொல்லே தேவையில்லை. அடுத்த வகுப்பில் சோப்புக் கரைசலை வைத்துக் கடினத்தன்மையை அளக்கலாம், அதற்கடுத்து தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை. பருப்பு எப்போதோ மறந்துபோயிருக்கும்.

மென்பொருள் ஆசாமிகளுக்கு இது புதுசே இல்லை. ஐந்து இடத்தில் ஒரே நேரம் கோடை மாற்றிவிட்டு பக் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிற ஜூனியரிடம் நாம் சொல்வதும் இதேதான்: ஒன்றை மட்டும் மாத்து, திரும்ப ஓட்டிப் பார்.

ஆக, பாடம் சமையலறையில் தொடங்குவது பிரச்சினை இல்லை. அங்கிருந்து எந்தப் பக்கம் கதவு திறக்கிறது என்பதுதான் கேள்வி. கடினநீர், அயனிகள், அளவறி பகுப்பாய்வு என்று வெளியே போகிறதா, திரும்பவும் சாம்பாருக்கே வருகிறதா? ஃபிராய்ண்ட் பொருளின் சிக்கலைக் குற்றம் சொன்னார். திசையைக் குற்றம் சொல்லியிருக்க வேண்டும். 1907 விதி மோசமானது அதனால்தான். அது 'வீட்டு உதாரணங்களைச் சேர்த்துக்கொள்' என்று சொல்லவில்லை. 'அறிவியலுக்குப் பதிலாக' என்று சொன்னது. ஒரு கதவை மூடிவிட்டு இன்னொன்றைக் காட்டியது. அவருடைய இரண்டாவது இழை இங்கேதான் முழு பலத்தோடு நிற்கிறது.

இந்தியக் கதைக்கு வருவோம். 1952-53ல் இடைநிலைக் கல்விக்கான ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவத்தில் பெரிய கை. அந்த ஆணையம் மேல்வகுப்புகளுக்கு ஏழு பிரிவுகளை முன்வைத்தது; அதில் ஒன்று மனையியல். எல்லாப் பெண்கள் பள்ளிகளிலும் கலப்புப் பள்ளிகளிலும் மனையியலுக்குத் தனி வசதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆண்கள் பள்ளி என்ற சொல் அந்த வரியில் இல்லை. ஏழு பிரிவு என்பது காகிதத்தில் தாராளம்தான். ஆனால் ஒரு பள்ளியில் இரண்டு, மூன்று பிரிவுக்குத்தான் ஆளும் அறையும் இருக்கும் என்றால், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியர் எதை முதலில் தொடங்குவார்? மனையியலுக்குத் தனி வசதி கேட்கிறது பரிந்துரை. இயற்பியலுக்கு அவர் தானாகக் கேட்டுப் போராட வேண்டும்.

பத்து வருஷத்தில் இதைத் திருப்பிப் போட்டது ஹன்சா மேத்தா குழு, 1962. ஆண் பெண் என்று பாடத்திட்டத்தைப் பிரிக்காதே என்றது. மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த தொடரை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் இவர்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மனையியல் மேல் அவருக்கு வெறுப்பே கிடையாது. அவர் துணைவேந்தராக இருந்த பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் புலம் அவர் காலத்தில்தான் வந்தது. பாடம் நல்ல பாடம், ஆனால் அது பெண்ணுக்கு மட்டுமான விதி இல்லை என்கிற நிலைப்பாடு. கோத்தாரி ஆணையம் (1964-66) இதை ஏற்றுக்கொண்டு, முதல் பத்து வகுப்புக்கும் அறிவியலும் கணிதமும் எல்லாருக்கும் கட்டாயம் என்றது. பெண்களைக் கணிதத்திலும் அறிவியலிலும் ஊக்கப்படுத்தத் தனி முயற்சி வேண்டும் என்றும் சொன்னது.

அதனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை பிரச்சினை புத்தகத்தில் இல்லை. ஒரே அறிவியல் புத்தகம், 23 பாடம், செய்முறைக்கு 25 மதிப்பெண், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். (அதிலும் ஒரு வேடிக்கை: இனப்பெருக்கப் பாடம் வந்ததும் பெண்கள் பள்ளியில் கூட 'வீட்ல படிச்சுக்கோங்க' என்று பக்கம் திருப்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அடுப்பின் அறிவியல் சொல்லலாம், உடம்பின் அறிவியல் சொல்லக்கூடாது.)

பிரச்சினை பதினொன்றாம் வகுப்பில் வருகிறது. பாடத்திட்டம் மாநிலம் முழுக்க ஒன்று. ஆனால் எந்தப் பள்ளியில் எந்தக் குரூப் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. அதை முடிவு பண்ணுவது ஆசிரியர் பணியிடம், ஆய்வகம், பழைய வழக்கம். போன வருஷம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல், ஒரு சின்ன ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணிதம்-கணினி குரூப் கேட்டாள். அங்கே அது இல்லை. உயிரியல் இருக்கு, வணிகவியல் இருக்கு, தொழிற்கல்வியில் நர்சிங்கும் துணி வடிவமைப்பும் இருக்கு. பையன்கள் பள்ளி அரை கிலோமீட்டர் தள்ளி. அங்கே கணினி குரூப் இருக்கிறது, ஆனால் இவளுக்கு அங்கே இடம் கிடையாது. "பொம்பளப் புள்ளைங்க யாரும்மா அந்த குரூப் கேக்குறாங்க, கேட்டா தானே வரும்" என்றாராம் பள்ளியில் ஒருவர். இல்லாததால் கேட்பதில்லை, கேட்காததால் இல்லை. சர்க்குலர் டிபென்டென்சி என்று எங்கள் தொழிலில் சொல்வோம். யாராவது ஒரு முனையை வெட்டினால்தான் அவிழும். இவள் இப்போது பக்கத்து ஊர்க் கலப்புப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறாள்.

1907 விதியில் 'பதிலாக' என்று வெளிப்படையாக ஒரு சொல் இருந்தது, ஃபிராய்ண்ட் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடிந்தது. இங்கே அந்தச் சொல் எந்த அரசாணையிலும் இல்லை. பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் குரூப் பட்டியலில் எது இல்லை என்று பார்த்தால்தான் தெரியும். இதை யாராவது உட்கார்ந்து, ஒரு மாவட்டத்துக்காவது, பெண்கள் பள்ளி ஒரு பத்தி, அதே ஊர் ஆண்கள் பள்ளி ஒரு பத்தி என்று ஒரு எக்செல் போட்டால் நன்றாக இருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிகளின் பட்டியல் கைவசம் இருந்தால் அனுப்புங்கள், நான் தொகுக்கிறேன்.

ஃபிராய்ண்ட் 1914ல் இறந்துபோனார். வேதியியலின் சோதனை அடிப்படை பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் முடியாமல் நின்றது. 1920ல் மற்றவர்கள் பதிப்பித்தார்கள். ஒரு வேதியியல் கூற்றை நம்புவதற்கு முன் என்ன சோதனை செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதிலிருந்து இரண்டு மூன்று சோதனைகளை நம்ம பள்ளி ஆய்வகச் சாமான்களை வைத்துச் செய்ய முடியுமா என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.